கருப்பையின் பிறவி அமைப்புக் கோளாறுகள்: கண்டறிதலும் சத்திரசிகிச்சையும்

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். பத்தாம் தரம். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் பாடசாலைக்கு வரமாட்டாள். கேட்டால், "வகுத்துக்குத்து டீச்சர்" என்பாள். கூடப் படித்தவர்கள் எல்லோரும் பெரிய பிள்ளையாகிவிட்டார்கள். இவள் மட்டும் ஆகவில்லை. உம்மா முதலில் பரிசாரியாரிடம் காட்டினார். பிறகு ஓதிப் பார்த்தார்கள், இஸ்மு கட்டினார்கள். நாள் போகப் போகப் பிள்ளையின் அடிவயிறு சற்று மேடு தட்டத் தொடங்கியது. அதன் பிறகு ஊர்வாய் சும்மா இருக்குமா?

ஒரு நாள் இரவு சலம் போகாமல் பிள்ளை துடித்தாள். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கும் முதலில் செய்தது கர்ப்பப் பரிசோதனைதான். இல்லை என்று வந்தது. பெண் வைத்தியர் ஒருவர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார், ஸ்கேனும் செய்தார். கன்னிச்சவ்வில் இயற்கையாக இருக்கவேண்டிய துவாரம் அவளுக்கு இருக்கவில்லை. பல மாதங்களாக வந்த மாதவிடாய் இரத்தம் வெளியேற வழியின்றி யோனிமடலுக்குள் தேங்கி, சலப்பாதையை நெருக்கியிருந்தது. செய்யவேண்டியிருந்தது ஒரு சிறிய வெட்டு மாத்திரமே. மறுவாரம் பிள்ளை பாடசாலைக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய உம்மா பிறகு என்னைத் தேடி வந்தார். "டீச்சர், ஆரு அவன், ஆரு அவன் எண்டு கேட்டுக் கேட்டு புள்ளைக்கு எத்தின தரம் அடிச்சன் தெரியுமா? ஒண்டுமில்ல உம்மா எண்டு அழுதாள். நான் நம்பல்ல" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

அந்தத் தாய் கெட்டவர் அல்லர். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தெரியவில்லை. மாதம் தவறாமல் வந்துபோன அந்த வலியை ஒரு வருடமாக வகுப்பு இடாப்பில் வரவின்மையாகப் பதிந்துகொண்டிருந்தவள் நான். அதன் பிறகே இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் வைத்தியர் அல்லள், தமிழ் படிப்பிப்பவள். படித்து விளங்கிக்கொண்டதை நம் வீடுகளில் பேசக்கூடிய மொழியில் சொல்லிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருப்பை உருவாகும் விதம்

தாயின் வயிற்றில் முளையம் ஆறேழு வாரமாக இருக்கும்போது, ஆணா பெண்ணா என்ற வேறுபாடு உள்ளுறுப்புகளில் தெரிவதில்லை. எல்லா முளையங்களிலும் இரண்டு சோடிக் குழாய்கள் இருக்கின்றன. ஒரு சோடி ஆணுறுப்புகளுக்கான மூலம். மற்றைய சோடி பெண்ணுறுப்புகளுக்கான மூலம். பின்னதை 1830இல் விவரித்த ஜேர்மனிய உடற்கூற்றியலாளர் யொஹன்னஸ் முல்லரின் பெயரால் அவற்றை முல்லர் குழாய்கள் என்பர். ஆண் சிசுவில் ஓர் ஓமோன் சுரந்து முல்லர் குழாய்களை மறையச் செய்துவிடுகிறது. பெண் சிசுவில் அவை நிலைத்து வளர்கின்றன.

வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரு குழாய்களும் கீழ்நோக்கி வளர்ந்து நடுவில் வந்து சேர்கின்றன. சேராமல் நிற்கும் மேற்பகுதிகள் இரண்டும் பலோப்பியன் குழாய்களாகின்றன. சேர்ந்த பகுதி கருப்பையாகவும், கருப்பைக் கழுத்தாகவும், யோனிமடலின் மேற்பகுதியாகவும் உருவாகிறது. இரண்டு குழாய்கள் ஒட்டினால் நடுவில் ஒரு சுவர் இருக்கும் அல்லவா? அந்தச் சுவர் பின்னர் கரைந்துபோகிறது. ஏறத்தாழ இருபதாம் வாரமளவில் ஓர் அறையுள்ள கருப்பை தயாராகிவிடும்.

ஆக, மூன்று வேலைகள் ஒழுங்காக நடக்கவேண்டும்: இரு குழாய்களும் முழுமையாக வளரவேண்டும், நடுவில் ஒன்றுசேரவேண்டும், இடைச்சுவர் கரையவேண்டும். இந்த மூன்றில் எது எங்கே நின்றது என்பதைக் கொண்டே கோளாறின் வகையும் அமைகிறது.

இங்கே இரண்டு விடயங்களை மனதிற் கொள்ளவேண்டும். ஒன்று, சூலகங்கள் வேறு மூலத்திலிருந்து உருவாகுபவை. எனவே கருப்பையே இல்லாத பெண்ணுக்கும் சூலகங்கள் பெரும்பாலும் சரியாகவே இயங்கும். மார்பக வளர்ச்சி முதலிய பருவ மாற்றங்களும் வழமைபோல் ஏற்படும். வெளித்தோற்றத்தைக் கொண்டு எதையும் சொல்லமுடியாது. இரண்டு, சிறுநீரகத் தொகுதி இக்குழாய்களின் பக்கத்திலேயே, அதே காலத்தில் வளர்கிறது. ஆகவே கருப்பைக் கோளாறு தெரிந்தால் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து பார்ப்பது வழக்கம். பிறவியிலேயே ஒரு சிறுநீரகம் மட்டும் உள்ள பெண்பிள்ளையின் கருப்பையையும் பருவ வயதில் பார்ப்பது நல்லது.

வகைகள்

இரு குழாய்களும் வளராதுபோனால் கருப்பையும் யோனிமடலின் மேற்பகுதியும் இருக்காது. இந்நிலையை விவரித்த நால்வரின் பெயர்களைச் சேர்த்து மேயர்-ரொக்கிற்றான்ஸ்கி-கூஸ்டர்-ஹவுசர் கூட்டறிகுறி என அழைப்பர். ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண் பிறப்புகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. இவர்கள் நிறமூர்த்தத்தால் முழுப் பெண்களே.

ஒரு குழாய் மட்டும் வளர்ந்தால் அது ஒற்றைக்கொம்புக் கருப்பை. மற்றப் பக்கத்தில் அரைகுறையாக ஒரு சிறு கொம்பு நிற்பதுமுண்டு. இவ்வகையினரில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் சிறுநீரகக் கோளாறும் காணப்படுகிறது.

இரண்டும் வளர்ந்து, சற்றும் சேராமல் நின்றால் இரட்டைக் கருப்பை. அதில் கருப்பைக் கழுத்தும் இரண்டாக இருக்கும். யோனிமடலுக்குள்ளும் நீளவாக்கில் ஒரு சவ்வு இருக்கலாம். கீழே சேர்ந்து மேலே பிரிந்து நின்றால் அது இருகொம்புக் கருப்பை. வெளியிலிருந்து பார்த்தால் உச்சியில் ஒரு பள்ளம் தெரியும்.

சேர்வது முழுதாக நடந்து, இடைச்சுவர் மட்டும் கரையாமல் நின்றால் அது இடைச்சுவர்க் கருப்பை. வெளித்தோற்றம் சாதாரணமாக இருக்கும். உள்ளே மட்டும் ஒரு தடுப்பு. சுவர் சிறிதாக இருக்கலாம், கழுத்துவரை இறங்கியும் இருக்கலாம். உச்சியில் சிறிய உள்வளைவு மாத்திரம் உள்ளதை வில்வளைவுக் கருப்பை என்பர். அதை நோயாகக் கருதவேண்டியதில்லை.

இவை எவ்வளவு பரவலானவை? பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு மீளாய்வின்படி, பொதுவான பெண்களில் 5.5 வீதமானோருக்கும், கருக்கலைவு நேர்ந்தவர்களில் 13.3 வீதமானோருக்கும், கருக்கலைவும் கருத்தரிக்காமையும் சேர்ந்து உள்ளவர்களில் 24.5 வீதமானோருக்கும் ஏதோ ஒரு வகைக் கோளாறு காணப்பட்டது. நூறு பெண்கள் கூடும் ஒரு கலியாண வீட்டில் ஐந்தாறு பேருக்கு இருக்கலாம் என்று பொருள். அவர்களில் பலர் எந்தக் கரைச்சலுமின்றிப் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டவர்களாக இருப்பார்கள். கோளாறு இருப்பது வேறு, அது தொல்லை கொடுப்பது வேறு.

எப்போது சந்தேகிக்கவேண்டும்?

பதினைந்து வயதாகியும் மாதவிடாய் தொடங்காத பிள்ளையை வைத்தியரிடம் காட்டவேண்டும். மார்பக வளர்ச்சி தொடங்கி மூன்று வருடங்கள் ஆகியும் வரவில்லையென்றாலும் காட்டவேண்டும். மாதவிடாய் இல்லாமல் மாதந்தோறும் அடிவயிற்று வலி மட்டும் வந்துபோனால், வயதைப் பாராமல் உடனே காட்டவேண்டும். மேலே சொன்ன மாணவியின் கதை அதுதான். அவளுடைய கன்னிச்சவ்வு அடைப்பு கருப்பைக் கோளாறு அல்ல. வாசலில் உள்ள அடைப்பு. ஆனால் அதே அறிகுறியை, யோனிமடலில் குறுக்காக நிற்கும் சவ்வும் காட்டலாம், கருப்பைக் கழுத்து உருவாகாமையும் காட்டலாம்.

இன்னொரு வகை நம்மை இலகுவில் ஏமாற்றிவிடும். இரட்டைக் கருப்பையுள்ள சில பிள்ளைகளுக்கு ஒரு பக்க வழி திறந்தும் மறுபக்க வழி அடைபட்டும் இருக்கும். அடைபட்ட பக்கத்தில் சிறுநீரகமும் இருக்காது. திறந்த பக்கத்தால் மாதவிடாய் ஒழுங்காக வரும். ஆகவே, "எல்லாருக்கும் வாற வலிதானே புள்ள" என்று சொல்லிவிடுவோம். ஆனால் மறுபக்கத்தில் இரத்தம் தேங்கித் தேங்கி, வலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும். கூடிக்கொண்டே போகும் வலி சாதாரண வலி அல்ல.

திருமணமான பெண்களில் திரும்பத் திரும்பக் கருக்கலைதல், காலத்துக்கு முன் பிரசவமாதல், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருத்தல் ஆகியன கருப்பையின் வடிவத்தைப் பார்க்கத் தூண்டும் அறிகுறிகள்.

கண்டறியும் முறைகள்

பரிசோதனை என்றதும் நம் பெற்றோர் முதலில் பயப்படுவது, கன்னிப்பெண்ணின் உடலுக்குள் ஏதும் செய்துவிடுவார்களோ என்றுதான். திருமணமாகாத பிள்ளைகளுக்கு யோனிமடல் வழியான ஸ்கேனைத் தவிர்த்து, சலப்பை நிரம்பியிருக்க வயிற்றின் மேலாலேயே ஸ்கேன் செய்வார்கள். மேலதிக விபரம் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். அதில் எதையும் உட்செலுத்திப் பார்க்கவேண்டிய தேவையில்லை. எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை. கன்னிச்சவ்வு அடைப்பை வெட்டித் திறந்திருந்தால், அதன் விபரமுள்ள வைத்திய அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

பிள்ளைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெறும் பெண்களுக்குப் பெரும்பாலும் முதலில் செய்யப்படுவது சாய எக்ஸ்ரே. மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் கருப்பைக் கழுத்து வழியே சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். கருப்பையின் உட்குழியும் குழாய்களின் அடைப்பும் அதில் தெரியும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு: உள்ளே இருப்பது மாத்திரமே தெரியும், வெளிச்சுவர் தெரியாது.

இது ஏன் முக்கியம்? சாயப் படத்தில் உட்குழி இரண்டாகப் பிரிந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இடைச்சுவர்க் கருப்பையாகவும் இருக்கலாம், இருகொம்புக் கருப்பையாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வீட்டை உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டு அறை தெரிகிறது. அது நடுச்சுவர் வைத்த ஒரே வீடா, கூரை வேறு கூரையாக ஒட்டி நிற்கும் இரண்டு வீடா என்பதை வெளியே வந்து கூரையைப் பார்த்தால்தான் சொல்லமுடியும். நடுச்சுவரை உடைக்கலாம். இரு வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர்களை நடுச்சுவர் என்று நினைத்து உடைத்துக்கொண்டு மேலே போனால் வெளியே வந்துவிடுவோம். இருகொம்புக் கருப்பையை இடைச்சுவர் என்று பிழையாக எண்ணி உள்ளிருந்து வெட்டினால் நேர்வதும் அதுதான். கருப்பையின் உச்சி துளைபட்டுவிடும்.

முன்னர் இந்த வேறுபாட்டை அறிய, தொப்புளருகே சிறுதுளையிட்டுக் கமெரா செலுத்தும் லெப்ரஸ்கொப்பியையும், கழுத்து வழியே உள்ளே பார்க்கும் ஹிஸ்டரஸ்கொப்பியையும் சேர்த்துச் செய்தார்கள். இன்று முப்பரிமாண ஸ்கேனாலும் எம்.ஆர்.ஐ. படத்தாலும் உள்வடிவத்தையும் வெளிவடிவத்தையும் ஒரே படத்தில் பார்க்கமுடிகிறது. வெறும் பார்வைக்காக வயிற்றைத் துளைக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமற் போய்விட்டது.

அளவுகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்படுத்தலில், உட்சுவர் 1 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டு, அதன் முனைக்கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருந்தால்தான் இடைச்சுவர்க் கருப்பை எனப்படும். ஐரோப்பியச் சங்கங்களின் 2013ஆம் ஆண்டு வகைப்படுத்தல் வேறு அளவுகோலைக் கொண்டது. அதன்படி பார்த்தால் கூடுதலான பெண்கள் இந்தப் பட்டியலுக்குள் வருவார்கள். ஒரே கருப்பை ஓர் அறிக்கையில் "சாதாரணம்" என்றும் இன்னோர் அறிக்கையில் "இடைச்சுவர்" என்றும் வரலாம். எனவே அறிக்கையின் தலைப்பை மட்டும் பார்த்து ஒப்பரேசனுக்குத் திகதி எடுக்கக்கூடாது. சுவரின் நீளம் எவ்வளவு, வெளிவடிவம் எப்படி என்று நிபுணரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சத்திரசிகிச்சை: யாருக்கு, எது?

அடைப்பு உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சை அவசியம், தள்ளிப்போடவும் கூடாது. கன்னிச்சவ்வு அடைப்பையும் யோனிமடலின் தடுப்புச் சவ்வையும் வெட்டித் திறப்பார்கள். இரத்தம் தேங்கிப் பின்னோக்கிப் பாய்ந்தால் கருப்பையின் உட்படலம் வயிற்றுக்குள் படியும் நோய் உருவாகி, பிற்காலத்தில் கருத்தரிப்பையும் பாதிக்கலாம்.

ஒற்றைக்கொம்புக் கருப்பையை மற்றதுபோல் பெரிதாக்கும் ஒப்பரேசன் கிடையாது. ஆனால் பக்கத்தில் நிற்கும் அரைகுறைக் கொம்புக்குள் மாதவிடாய்ப் படலம் இருந்தால் அதை லெப்ரஸ்கொப்பி மூலம் அகற்றுவார்கள். அதற்குள் கரு தங்கிவிட்டால் கொம்பு வெடித்து உள்ளே இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும் என்பதே காரணம்.

இரட்டைக் கருப்பைக்கு வழமையாக ஒப்பரேசன் தேவையில்லை. யோனிமடலிலுள்ள சவ்வு தாம்பத்தியத்துக்கோ பிரசவத்துக்கோ இடைஞ்சலாக இருந்தால் அதை மட்டும் அகற்றலாம். இருகொம்புக் கருப்பைக்கு, இரு கொம்புகளையும் பிளந்து ஒன்றாகத் தைக்கும் முறையொன்று ஜேர்மனிய வைத்தியர் ஸ்ட்ராஸ்மனின் பெயரால் நூறு வருடங்களுக்கு மேலாக அறியப்பட்டுள்ளது. வயிற்றையும் கருப்பையையும் திறக்கவேண்டிய பெரிய ஒப்பரேசன் அது. பிறகு பிரசவமும் சிசேரியனாகவே செய்யவேண்டிவரும். இன்று அது மிக அரிதாகவே செய்யப்படுகிறது. கர்ப்ப காலத்தில் கருப்பைக் கழுத்தின் நீளத்தை அளந்து பார்த்து வருவதும், கழுத்து குறுகினால் தையலிடுவதும் பலருக்குப் போதுமானவை.

இடைச்சுவர்க் கருப்பைக்கே இன்று அதிகம் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. வயிற்றில் வெட்டில்லை. மாதவிடாய் முடிந்த நாட்களில் மயக்கமருந்து கொடுத்து, கருப்பைக் கழுத்து வழியே ஹிஸ்டரஸ்கொப்பைச் செலுத்தி, திரையில் பார்த்தவாறே சுவரை நடுவால் வெட்டிக்கொண்டு போவார்கள். இருபக்கக் குழாய் வாசல்களும் ஒரே பார்வையில் தெரியும்போது நிறுத்துவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். துளைபடுதல், உள்ளே தழும்பு ஒட்டுதல், சுவரில் மிச்சம் நிற்றல் ஆகியன இதன் ஆபத்துகள். அரிதானவை, ஆனால் இல்லாதவை அல்ல.

இந்த ஒப்பரேசன் செய்தால் கருக்கலைவு நிற்குமா? பல வருடங்களாக "ஆம்" என்றே நம்பப்பட்டது. ஒப்பரேசனுக்கு முந்தைய கர்ப்பங்களையும் பிந்தைய கர்ப்பங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அப்படித்தான் காட்டின. ஆனால் 2021இல் நெதர்லாந்து வைத்தியர்கள் முன்னின்று நடத்திய, சீட்டுக் குலுக்கிப் பிரித்தாற்போன்ற ஒரு பரிசோதனையின் முடிவு வெளியானது. ஒப்பரேசனுக்குப் பிரிக்கப்பட்ட 39 பெண்களில் 12 பேரும், ஒப்பரேசன் இல்லாமல் காத்திருந்த 40 பெண்களில் 14 பேரும் உயிருடன் பிள்ளை பெற்றார்கள். அதாவது 31 வீதம், 35 வீதம். சிறிய ஆய்வு, இதை வைத்து ஒப்பரேசன் வீண் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் "செய்தால் பிள்ளை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அதை நம்பத் தேவையில்லை.

என் சாச்சியின் மகளுக்கு மூன்று கரு கலைந்து, இடைச்சுவர் என்று கண்டு, ஒப்பரேசனும் செய்து, பிறகு ஒரு மகன் பிறந்தான். "ஒப்பரேசனாலதான்" என்கிறார் சாச்சி. இருக்கலாம். காத்திருந்தாலும் பிறந்திருக்கலாம். மூன்றாவது கலைந்தபோது, மருமகனுக்கு இன்னொரு நிகாஹ் செய்துவைக்கும் பேச்சை மாமி வீட்டார் எடுத்தார்கள். அந்த நாட்களில் அவளுக்குத் தேவைப்பட்டது கத்தரிக்கோல் அல்ல, கொஞ்சம் அவகாசம்.

கருப்பை இல்லாதவர்களுக்கு

கருப்பையின்றிப் பிறந்த பெண்ணுக்கு, யோனிமடலைத் தேவையான ஆழத்துக்குக் கொண்டுவர முதற்படியாக விரிப்பான்களைப் படிப்படியாகப் பயன்படுத்தும் முறையே உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. பொறுமையாகச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அதுவே போதும். ஒப்பரேசன் அதற்கு அடுத்த படி. சிறு வயதில் அவசரமாகச் செய்யவேண்டியதுமல்ல. பிள்ளை வளர்ந்து, தானே விளங்கி விரும்பும்போது செய்வது.

கருப்பை மாற்றுச் சிகிச்சையும் இன்று உண்டு. சுவீடனில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரம் தலைமையிலான குழுவினரிடம், பிறவியிலேயே கருப்பையில்லாத ஒரு பெண் மாற்றுக் கருப்பை பெற்று 2014 செப்ரெம்பரில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். கருப்பையைக் கொடுத்தவர் 61 வயதான குடும்ப நண்பி. உலகில் இவ்வாறு பிறந்த முதற்பிள்ளை அதுவே. இது இன்னும் சில நாடுகளில் மட்டும் நடக்கும் கடினமான சிகிச்சை.

மார்க்கத்தின் கண்ணில்

சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1990இல் ஜித்தாவில் கூடியபோது, பரம்பரை இயல்பைக் கடத்தும் சூலகத்தையும் விதையையும் மாற்றிவைப்பதைத் தடுத்தது. அவ்வியல்பைக் கடத்தாத உள்ளுறுப்புகளை, உரிய நிபந்தனைகளுடன், நியாயமான தேவைக்காக மாற்றிவைக்க இடமளித்தது. வாடகைத் தாய் முறையோ, 1986இல் அம்மானில் எடுக்கப்பட்ட தீர்மானத்தில் விலக்கப்பட்டது.

நமது ஷாபிஈ மத்ஹபில் இன்னொரு செய்தி உண்டு. அதை எடுத்துச் சொல்பவர் குறைவு. இமாம் நவவியின் மின்ஹாஜில், நிகாஹை முறித்துக்கொள்ளத் தெரிவுரிமை தரும் குறைபாடுகள் பட்டியலிடப்படுகின்றன. பெண்ணின் வழி சதையால் அடைபட்டிருப்பதற்கு "ரத்க்" என்றும் எலும்பால் அடைபட்டிருப்பதற்கு "கர்ன்" என்றும் பெயர். எழுநூறு வருடங்களுக்கு முந்தைய நம் சட்டநூலுக்கு இந்த அடைப்பு தெரிந்திருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் தெரிவுரிமை நீங்கும் என்றும் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை பெறாமை அந்தப் பட்டியலில் இல்லை. மாதவிடாயே வராத பெண்ணுக்கும் இத்தா மூன்று மாதம் என்று சட்டம் வைத்திருக்கிறது. அவளும் சட்டத்துக்குள், சமூகத்துக்குள் இருப்பவள் என்பதால்தானே?

அதேவேளை, கருப்பையில்லாத மகளின் நிலையை மறைத்து நிகாஹ் முடிப்பது நியாயமாகாது. மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். அவளுக்கு அதற்கும் முன்பே சொல்லவேண்டும். பெண் வைத்தியர் கிடைக்காத இடத்தில் தேவையின் பேரில் ஆண் வைத்தியரிடம், துணையோடு காட்டலாம் என்பதிலும் தயக்கம் வேண்டாம்.

முடிவாக

"மலடி" என்ற சொல்லை நாம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். "மலடன்" என்று ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதுண்டா? அந்தச் சொல்லைச் சுமப்பவர்களில் சிலர், இருபதாம் வாரத்தில் கரையவேண்டிய ஒரு மெல்லிய சுவர் கரையாமல் பிறந்தவர்கள். அரபியில் கருப்பைக்குப் பெயர் "ரஹிம்". இரக்கத்தைக் குறிக்கும் "ரஹ்மத்" என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வருவது; இரத்த உறவுக்கும் அப்பெயரே.

உம்மாமார் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. மகளின் மாதக் கணக்கைத் தெரிந்துவைத்திருங்கள். வலி மாதாமாதம் ஒரே நாட்களில் வருகிறதா, கூடிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். ஓதிப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓதிப் பார்த்துவிட்டு ஸ்கேனும் செய்து பாருங்கள். ஆசிரியைகளாகிய நாமும், மாதந்தோறும் ஒரே நாட்களில் வராத பிள்ளையை இடாப்பில் சிவப்பால் குறிப்பதற்கு முன் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போம். பிள்ளை "வகுத்துக்குத்து" என்று சொன்னால், முதலில் அதை நம்புவோம்.